கைந்நாட்டு

என்னிடம் பழைய கடதாசி ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் எழுதப்பட்ட வாக்குமூலமொன்றின் பிரதி அது. எழுத்து என்னுடையது, அடியிலுள்ள கைந்நாட்டு என் மாமியுடையது. பத்து வரிகூட இல்லாத அக்கடதாசியை இந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் எத்தனையோ முறை எடுத்து வாசித்துவிட்டு, மீண்டும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். அதிலே பொய்யான சொல் ஒன்று உண்டு. அச்சொல்லைக் காட்டிலும், எழுதாமல் விடப்பட்ட ஒரு வரியே மாமியின் குடும்பத்துக்குப் பெருங்கேடு விளைத்தது. அவ்வரியை விட்டவன் நானே.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எங்கள் பகுதியில் வழங்குவர். ஞாயிறு எழும் கரையிலே தென்னையும் கடலும். ஞாயிறு படும் கரையிலே வயலும் மேய்ச்சல் நிலமும். இரு கரைக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை பன்னெடுங்காலமாக நடந்துவருகிறது. எங்கள் ஊர் எழுவான்கரையில், மண்முனைத் துறைக்குத் தெற்கே உள்ளது. மாமா படுவான்கரைக்காரர். மட்டக்களப்பு வழக்கிலே வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகப் போகும்; மணமகன் பெண் வீட்டிற்குக் குடிவருவான். அவ்வாறே மாமாவும் என் தந்தையாருக்குத் தங்கை முறையான மாமியை மணந்து, எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வந்து குடியேறினார். வரும்போது அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஓர் உடுக்குமே என்று என் தாயார் சொல்லிச் சிரிப்பது வழக்கம். வைகாசி மாதக் கண்ணகை அம்மன் சடங்கில் காவியம் பாடுவோருக்கு அவர் உடுக்கு அடிப்பார். அவர் உடுக்கெடுத்தால் பாடுபவர் குரலும் தானே உயரும்.

முன்னர் அவர் தென்னந்தோட்ட வேலை செய்தவர். 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி எங்கள் கரையின் தென்னைகளையெல்லாம் ஓரிரவில் வீழ்த்திவிட்டது. அதன்பின் தோட்டமும் இல்லை, வேலையும் இல்லை. சில மாதம் அலைந்துவிட்டு வீதியோரத்து நெல் ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு கிடைத்த கூலியில் மாமியும் இரு பெண்பிள்ளைகளும் வாழ்ந்தனர். படுவான்கரையில் தனித்திருந்த அவருடைய தாயாருக்கும் மாதந்தோறும் துறையைக் கடந்து அரிசி போகும். எங்கள் பக்கத்தில் மனிதரையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்போம். பாதைக்காரரிடம் கொடுத்துவிட்டால் அரிசிப்பொதி தவறாமல் அக்கரை சேரும்.

1982 பங்குனியில், மாரிப்போக வேளாண்மை வெட்டி முடிந்து ஆலை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த நாளொன்றில், இயந்திரத்தின் தோல்வாரில் அவருடைய வலக்கை அகப்பட்டது. நான்கு விரல்கள் போயின. பெருவிரல் மட்டும் எஞ்சியது. மட்டக்களப்பு ஆசுபத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். ஆலைக்காரர் வந்து பார்த்தார், ஐந்நூறு ரூபா கொடுத்தார், இரண்டு மூடை அரிசி அனுப்பினார். கை ஆறியபின் காவல் வேலை தருவதாகவும் சொன்னார். அவர் கொடியவர் அல்லர் என்பதையும் எழுதிவிட வேண்டும், மறதியுள்ளவர், அவ்வளவுதான். காவல் வேலைக்கு வேறொருவர் ஏற்கெனவே இருந்தார். மாமா இரண்டு மாதம் ஆலை வாயிலுக்குப் போய் வந்தார். அதன்பிறகு போகவில்லை.

அந்த ஆண்டு நான் பேராதனையில் இரண்டாம் வருட மாணவன். வைகாசிச் சடங்கிற்கு ஊர் வந்தபோது உடுக்கு வேறொருவர் கையில் இருந்தது. மாமா கோயிலுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சால்வையை வலக்கைமேற் போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தார். "படிப்பு எப்படி மருமகன்?" என்று கேட்டார், என் மறுமொழியைக் கேட்டாரா என்பது ஐயமே. மாமி அடுக்களைக்கு என்னை அழைத்து, அவர் இரவிலே உறங்குவதில்லை என்றும், எவரோடும் கூட இருந்து உண்பதில்லை என்றும் மெல்லச் சொன்னார். இடக்கையால் உண்பதைப் பிறர் பார்ப்பதை அவர் விரும்பவில்லை. கலியாண வீட்டுப் பந்தியும் இல்லை, சொந்த வீட்டிற் பிள்ளைகளோடு உண்பதும் இல்லை. விளக்கை அணைத்தபிறகு, சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்து வேலியோரம் போய் இருந்து உண்பாராம். பெண் வீட்டிற்கு வந்து குடியிருக்கும் ஆண், உழைப்பு உள்ளவரை வீட்டுக்காரன். உழைப்பு நின்றால் விருந்தாளி. மாமி அப்படி ஒருநாளும் எண்ணியவர் அல்லர். ஆயினும் அவ்வெண்ணம் அவருள்ளே வளர்ந்ததை அவராலும் தடுக்க இயலவில்லை, மற்றவராலும் இயலவில்லை. அது ஒரு நோய், நோய்க்கு வைத்தியம் உண்டு என்று எங்களில் எவரும் அறிந்திருக்கவில்லை.

புரட்டாதியில் ஒருநாள் விடியற்காலையில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். எவ்வாறு என்பது இக்கட்டுரைக்கு வேண்டாதது. விடுமுறைக்கு வந்திருந்த நான் அழுகுரல் கேட்டு ஓடினேன்.

முற்பகலில் பொலிசாரும், பின்னர் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வந்தனர். எங்கள் குடியின் வண்ணக்கர், கோயிற் காரியங்களிலும் ஊர்க் காரியங்களிலும் முதற்சொல் சொல்பவர், என்னை வேலிப்பக்கம் அழைத்துச் சென்றார். "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. விசாரணை ஐயா உன்னைத்தான் எழுதச் சொல்லுவார். கனகாலமா வயித்துவலி எண்டு எழுது. ஆலையை இதுக்குள்ள இழுத்தா பொலிஸ் அங்கேயும் போகும், மறுகா பிரேதம் எப்ப வரும் எண்டு சொல்லேலாது. பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டு இருக்கு, யோசி," என்றார். அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. தன்னுயிர் மாய்த்தவருக்குச் சடங்கிற் குறை வரும்; பெண்பிள்ளைகளைக் கொள்ள வருபவன் தயங்குவான். இவற்றோடு சட்டத்தைப் பற்றிய அச்சமும் அக்காலத்தில் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது அப்பொழுது தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவின்படி குற்றமாகும். 1998இலேதான் அப்பிரிவு நீக்கப்பட்டது. இறந்தவரை எவரும் சிறைப்படுத்தப் போவதில்லை என்றாலும், குற்றம் நிகழ்ந்த வீடு என்ற பெயர் அவ்வீட்டைச் சுற்றி நின்றது.

வண்ணக்கர் கூறியபடியே நடந்தது. அதிகாரி கேட்டார், மாமி சொன்னார், நான் எழுதினேன். மாமி சொன்னவை எல்லாம் இன்றும் காதில் உள்ளன. மூன்றாவதாகவோ நான்காவதாகவோ, "ஆலையில கை போன நாள் தொட்டு அவர் அவராக இல்ல," என்றார். என் பேனை நின்றது. நிமிர்ந்தேன். வண்ணக்கர் மாமிக்குப் பின்னால் நின்று மெல்லத் தலையசைத்தார். 'நெடுநாளாக வயிற்றுவலியால் வருந்தினார்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வாசித்துக் காட்டும்படி எவரும் கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. மாமி பெருவிரலை மையிலே தோய்த்து ஒற்றினார்.

பின்னேரமே பிரேதம் எடுக்கப்பட்டது. சடங்கிற் குறையொன்றும் வரவில்லை. மாமாவின் தாயார் பாதை கிடைக்காமல் துறையில் நின்றுவிட்டு, எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்தார்.

முப்பத்தோராம் நாள் கழிந்து சில வாரங்களின் பின், தொழிற்சங்க வேலையில் ஈடுபட்டிருந்த அன்பர் ஒருவர் வழியாகத்தான் நட்டஈடு என்னும் சொல்லே எங்கள் வளவுக்குள் வந்தது. வேலைத்தலத்தில் ஊறு பட்டவருக்கும், அவ்வூறினால் இறந்தவரை நம்பியிருந்தோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு என்று அவர் சொன்னார். மாமியையும் அழைத்துக்கொண்டு கந்தோர் ஒன்றுக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். கையைப் பற்றிக் கேட்டார், ஆசுபத்திரித் துண்டைப் பார்த்தார். மரண விசாரணைப் பத்திரத்தையும் வாங்கி இருமுறை வாசித்தார். "இதில் கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே. மனைவியே வயிற்றுவலி என்றல்லவா சொல்லியிருக்கிறார்?" என்றார். மாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வழக்குப் போடுவதைத் தடுக்கவில்லை, ஆனால் இந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வெல்வது அரிது என்று அவர் உண்மையாகவே வருந்திச் சொன்னார். வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணம் இல்லாத வீடு அது. காரியம் அந்த மேசையிலேயே முடிந்தது.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். தமிழாசிரியனாகக் காலங் கழித்தவன். எனினும் அன்றுமுதல் இச்சட்டத்தைப் பற்றிக் கண்ணிற் பட்டதையெல்லாம் வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இலங்கையின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கமுடையது. அதன் கரு 1897இல் இங்கிலாந்திற் பிறந்து, 1923இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் இங்கு வந்தது. வேலையினின்று எழுவதும் வேலையின்போது நிகழ்வதுமான விபத்தால் ஊறு ஏற்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். முதலாளி பிழை செய்தாரா என்று அது கேட்பதில்லை. அவ்வகையில் அது இரக்கமுள்ள சட்டமே. கை, கால், கண், விரல் எனப் போன உறுப்புக்கேற்ப அட்டவணையும் உண்டு. உயிர் போயின் சார்ந்திருந்தோருக்குத் தொகை உண்டு. அதை முதலாளி தம் விருப்பப்படி எவர் கையிலும் கொடுத்துவிட இயலாது, ஆணையாளரிடம் வைப்புச் செய்தல் வேண்டும், அவரே பங்கிடுவார். 2022இல் வந்த திருத்தம் உச்சத்தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. நல்ல காரியம். ஆயினும் எல்லாம் 'விபத்து' என்ற ஒரு சொல்லின் மேலேயே நிற்கின்றன. தன் கையாலே தன் உயிரை முடித்தவனின் சாவு விபத்தாகுமா?

இக்கேள்வியை எழுப்பிய வழக்கொன்றை முதன்முதல் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இந்தியாவில் 'மக்கின்னன் மக்கென்சி' வழக்கு என்பர். 1961 டிசெம்பர் மாதம் 'துவாரகா' என்னும் கப்பல் பாரசீகக் குடாவிற் போய்க்கொண்டிருந்தது. அதில் தளவேலை செய்த மாலுமி ஒருவன் 13ஆந் திகதி நெஞ்சுவலி என்றான். கப்பல் வைத்தியர் பார்த்தார், குறையொன்றும் காணவில்லை, மாத்திரை கொடுத்தார். மறுநாள் வேலைக்கு வந்தான். 15ஆந் திகதி மீண்டும் நெஞ்சுவலி என்றான், உறக்கமில்லை என்றான். உறக்க மாத்திரை கொடுக்கப்பட்டது. 16ஆந் திகதி அதிகாலை இரண்டரை மணிக்கு அவன் கப்பலின் மேற்றளத்திற் காணப்பட்டான்; திருப்பி அனுப்பினார்கள். மூன்று மணிக்கு, படுக்கப் போகிறேன் என்று காவலிருந்த ஒருவனிடம் சொன்னான். ஆறேகால் மணிக்கு அவன் கப்பலில் இல்லை. உடலும் அகப்படவில்லை.

1962 பெப்ரவரியில் அவனுடைய தந்தை 4,810 ரூபா நட்டஈடு கோரினார். விசாரித்த ஆணையாளர், விபத்து நிகழ்ந்தது என்பதற்குச் சான்று இல்லை, தற்கொலையாகவும் இருக்கலாம் என்று கோரிக்கையைத் தள்ளினார். உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்த்தது. முதலாளி தரப்பினர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1969 ஆகஸ்ட் 14ஆந் திகதி தீர்ப்பு வந்தது. வேலைக்கும் சாவுக்குமிடையே தொடர்பு உண்டு என்று காட்டும் பாரம் கோருபவர்மீதே உள்ளது. நேரடிச் சான்று இல்லாவிடினும் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம், ஆனால் ஊகத்துக்கும் ஓர் அடிப்படை வேண்டும் என்று கூறி, ஆணையாளரின் முடிவையே நீதிமன்றம் நிலைநாட்டியது. சட்ட மாணவர் இவ்வழக்கைச் சான்றுப் பாரம் பற்றிய பாடமாகக் கற்பர். எனக்கு அதிலே தெரிந்தது ஒரு குறிப்பேடு. நெஞ்சுவலி, குறையொன்றும் இல்லை, உறக்கமின்மை, மாத்திரை. ஒரு மனிதனின் இறுதி நான்கு நாள்களைப் பற்றி உலகுக்கு எஞ்சிய எழுத்து ஏறத்தாழ இவ்வளவே. ஏன் உறங்கவில்லை, எதற்கு அஞ்சினான் என்பவற்றை எழுத எவரும் அங்கு இருக்கவில்லை. கரையில் இருந்த தந்தையோ குறிப்பேட்டில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவந்து காட்டுவார்? அம்மாலுமி தன்னுயிரை முடித்தானா, தவறி விழுந்தானா என்பதும் எவருக்கும் தெரியாது. அவனுக்கு நெஞ்சுவலி, என் மாமாவுக்கு வயிற்றுவலி.

மேலைநாட்டு நீதிமன்றங்கள் இதைச் சிறிது சிறிதாகவே விளங்கிக்கொண்டன. 1915இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், உருகிய ஈயம் கண்ணிற் தெறித்து ஆசுபத்திரியிற் கிடந்த தொழிலாளி ஒருவர் அங்கேயே தம்முயிரை முடித்துக்கொண்டார். அவர் மனைவிக்கு நட்டஈடு உண்டு என்று தீர்ந்தது. ஆனால் கட்டுக்கடங்காத வெறியிலே, தான் செய்வது இன்னதென்று நினையாமற் செய்திருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையோடு. பித்துப் பிடித்தவனுக்கு உண்டு, துயரம் பிடித்தவனுக்கு இல்லை என்பது அதன் பொருள். இந்நிபந்தனை பல நாடுகளில் நெடுங்காலம் நின்றது. இங்கிலாந்திலே 2008 பெப்ரவரியில் பிரபுக்கள் சபை தீர்த்த கோர் வழக்கில் அது வேறொரு நிலைக்கு வந்தது. லூட்டன் நகரின் வாகனத் தொழிற்சாலையொன்றில் 1996இல் இயந்திரக் கை தாக்கிக் காதை இழந்தவர் அவர்; தலையே போயிருக்கவேண்டியது, குனிந்ததால் தப்பினார். உடல் ஆறியது, மனம் ஆறவில்லை. 2002இல் தம்முயிரை முடித்தார். தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பித்தர் அல்லர். ஆயினும் விபத்து நோயைத் தந்தது, நோய் சாவைத் தந்தது, சங்கிலி அறவில்லை என்று பிரபுக்கள் கண்டனர். அது கவனக்குறைவுக்கான வழக்கு, நம் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்ததன்று என்பது உண்மை. எனினும் அத்தீர்ப்பை வாசித்தபோது காதுக்குப் பதிலாக நான்கு விரல்களை வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் நான் அறிவேன். தன் கையாற் செய்ததற்குப் பிறர் எவ்வாறு பொறுப்பாவர் என்பது ஒன்று. அதற்கு மறுமொழி எளிது. முதலாளி பொறுப்பேற்பது கைக்கும் கையால் வந்த நோய்க்குமே. மற்றையது கடினமானது. சாவுக்குப் பணம் உண்டு என்றால், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்று எண்ணி மறுகும் ஒருவனுக்கு அதுவே ஒரு தூண்டுதலாகிவிடாதா? இக்கேள்வியை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். மாமா அப்படித்தான் மறுகினார். ஆனால் அவர் விடயத்திற் கணக்கு வேறாக இருந்தது. அவர் உயிரோடிருந்த ஆறு மாதமும் விரல்களுக்குரிய தொகை சட்டத்தின் அட்டவணையிலே கிடந்தது. அதைக் கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. நான் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் தெரியாது. அத்தொகை அவர் கைக்கு வந்திருந்தால், அந்த வீட்டில் அவர் உழைப்பின் பெயரால் இன்னும் அரிசி வெந்திருக்கும். படுவான்கரைக்குப் பொதி போயிருக்கும். விளக்கை அணைக்காமல் உண்டிருப்பாரோ என்று நான் எண்ணுவதுண்டு. மனைவிக்கு இறந்தபின் கொடுப்பதைவிட ஊறுபட்டவருக்கு வாழும்போதே கொடுப்பது முதன்மையானது. அது தவறிய இடத்திலேயே மற்றக் கேள்வி எழுகிறது.

இலங்கையிலே தற்கொலை 1995இல் உச்சத்தை அடைந்து, இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. பின்னர் கொடிய பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட, மூன்றில் இரு பங்குக்கு மேல் அது குறைந்தது. பதிவேடுகளும் ஆசுபத்திரிக் குறிப்புகளும் எதனால் என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தமையால் அரசும் அறிஞரும் அதைத் தடுக்க வழி கண்டனர். எந்த வேலையால், எந்த ஊறினால், எந்தக் கடனால் என்பதையும் நம் விசாரணைப் பத்திரங்கள் அதேபோலச் சொல்லியிருந்தால் என்னென்ன வழி பிறந்திருக்குமோ! விசாரணை அதிகாரியின் கடமை சாவின் வெளிப்படைக் காரணத்தைக் காண்பது. அதற்கு அப்பாற் சென்று கேட்கவேண்டும் என்று எவரும் அவரிடம் எதிர்பார்ப்பதில்லை. சொல்லவேண்டியவர் குடும்பத்தாரே. அவர்களோ மானத்துக்கு அஞ்சி வயிற்றுவலி என்பர், குடும்பச் சச்சரவு என்பர், கொஞ்சம் மூளை சரியில்லை என்பர். அம்மானத்தைக் காப்பதற்கு என்னைப் போன்ற படித்தவன் ஒருவன் பேனையோடு பக்கத்தில் இருப்பான். முதலாளி ஒரு சல்லியும் செலவழித்து ஒரு சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. நாங்களே மறைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

மண்முனைத் துறையிலே இப்பொழுது பாதை இல்லை. யப்பான் நாட்டு உதவியோடு கட்டப்பட்ட பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அப்பாலத்திற் போகும்போதெல்லாம் எனக்கு அந்நாட்டின் வேறொரு காரியமும் நினைவுக்கு வரும். அங்கும் வேண்டுமென்றே தேடிக்கொண்ட சாவுக்கு நட்டஈடு இல்லை என்பதே பழைய விதி. 1991இல் டென்சு என்னும் பெரிய விளம்பர நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், இருபத்துநான்கு வயதினர், ஓய்வொழிச்சலற்ற வேலையால் மனம் நொந்து உயிர் நீத்தார். அவருடைய பெற்றோர் அது வேலையால் வந்த சாவு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், வழக்காடினார்கள். 1999இல் தொழில் அமைச்சு விதியைத் திருத்தியது: வேலையால் மனநோய் வந்து, அந்நோய் தெளிவையும் அடக்கத்தையும் பெரிதும் குலைத்திருந்தால், அச்சாவை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளலாகாது. 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. 16 கோடியே 80 இலட்சம் யென் கொடுத்து நிறுவனம் இணங்கியது. மானம் பார்க்கும் பண்பில் யப்பானியர் நமக்குக் குறைந்தவர் அல்லர். இருந்தும் அப்பெற்றோர் தம் மகன் எவ்வாறு இறந்தான் என்பதைச் சபையிலே சொன்னார்கள்.

மாமி அதன்பின் வாவியோரத்துப் பன் அறுத்துப் பாய் இழைத்தார். நெல் அவித்துக் குற்றி விற்றார். மூத்தவளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சீதனமாக மாமிக்கு வந்த வளவின் தென்புறத்தில் பாதியை விற்றே இளையவளுக்கு வீடு எழும்பியது. மாமாவின் தாயார் மேலும் இரண்டாண்டு இருந்தார். அரிசிப்பொதி நின்றபின் அவர் எவ்வாறு உண்டார் என்று நான் கேட்டறியவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

பாலம் திறந்து சில ஆண்டுகளின் பின் ஒருநாள் அக்கடதாசியை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். எண்பதை நெருங்கியிருந்தார், கண் மங்கிவிட்டது, செவி நன்றாகவே இருந்தது. முற்றத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது, பேத்தி ஒருத்தி காகம் விரட்டிக்கொண்டிருந்தாள். 1982இல் வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தை அன்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தேன். மாமி காலை நீட்டி இருந்தபடி கேட்டார்.

"கையைப் பத்தி நான் சொன்ன, மருமகன்," என்றார்.

"ஓம் மாமி. சொன்னீங்க. நான்தான் எழுதாம விட்ட."

"அந்தக் கந்தோருக்குப் போன அண்டைக்கே எனக்கு விளங்கிற்று." சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் கடதாசியைத் தரும்படி கையை நீட்டினார். கைந்நாட்டு இருந்த இடத்தை விரலால் தடவித் தேடினார். பிரதியிலே அது வெறும் கறுப்புப் புள்ளியாகத்தான் இருந்தது.

"இப்ப எழுதலாமோ?" என்று கேட்டார்.

பையிலிருந்து பேனையை எடுத்தேன். அவர் சொல்லச்சொல்ல, கடதாசியின் பின்புறத்தில் எழுதினேன்.

"மாரிப்போக வேளாண்மை வெட்டின காலம், வியாழக்கிழமை. விடியப்புறம் நாலு மணிக்கு என்னை எழுப்பாமல் தானே தேத்தண்ணி வச்சுக் குடிச்சுப்போட்டுப் போனவர்," என்று தொடங்கினார்.